வெள்ளித் தண்ணீரும் எலியின் ஈரலும்

தம்பி, “நானோ வெள்ளித் தண்ணீரை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சிறுநீரோடு போய்விடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நானோ வெள்ளித் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்து, மருந்து என்று குடிக்கிற தண்ணீர். நீங்கள் எழுதியது சரியில்லை. 2008இல் வெளியான ஆய்வொன்றில் எலிகளுக்கு 28 நாள் வாய்வழியாக நானோ வெள்ளி கொடுத்தார்கள். நாளுக்கு உடல் எடை கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டியதும் ஈரலில் இலேசான பாதிப்பு தெரிந்தது. சிறுநீரகத்திலும் வெள்ளி படிந்திருந்தது, ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளில் இரண்டு மடங்கு. அப்புறம், உடம்புக்குள் சேர்ந்த வெள்ளி பெரும்பாலும் வெளியேறுவது பித்தத்தோடு மலத்தில்தான், சிறுநீரில் கொஞ்சம்தான்.

அந்த அளவு மிகப் பெரியது, உண்மைதான். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 18 கிராம். எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வெள்ளிக் கிண்ணத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் வெள்ளித் தண்ணீரைக் குடித்தவர்களின் தோல் நீலச் சாம்பலாக மாறியிருக்கிறது, அது திரும்புவதில்லை. இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999இலேயே அறிவித்துவிட்டது.

களுவாஞ்சிக்குடியில் என் பெரியம்மாவின் அலுமாரியிலும் இளமஞ்சள் தண்ணீரோடு ஒரு போத்தல் இருக்கிறது, பாதி முடிந்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோகிறோம்.