தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

“நேட்டாலுக்குக் கூலியாகப் போனவர்கள் வெறும் நம்பர்தான், ஊர்ப்பெயரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, டிஎன்ஏ சோதனைதான் கதி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பர் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த நம்பர்தான் சாவி.

1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் நம்பரோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம்வரை உண்டு. கன்னத்து மச்சம், காலில் தழும்பு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். சில வரிகளில் ஊர் விட்டுப்போயிருக்கும், அது வேறு.

நிஜமான தலைவலி எழுத்துதான். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி பிடிபடும். கவுண்டர் அங்கே ‘கவெண்டர்’ ஆனதும் இப்படித்தான்.

டிஎன்ஏ ஊரைச் சொல்லாது. நீங்கள் சோதித்த அதே நிறுவனத்தில் சோதித்துக்கொண்ட சொந்தம் இருந்தால் மட்டும் காட்டும். நம் ஊர்ப் பக்கம் எத்தனை பெரியப்பா சோதனைக்கு எச்சில் கொடுத்திருக்கிறார்!

ஒன்று: சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப்போன வியாபாரிகளை இந்தக் கூலிப் பட்டியலில் தேடாதீர்கள்.