யாருக்காக இந்த இங்கிலீஷ்?

இங்கிலீஷில் ஒரு தீர்ப்பு. எழுதியது ஓர் உயர் நீதிமன்றம், படித்தது உச்ச நீதிமன்றம். படித்த நீதிபதிகளுக்கே புரியவில்லை. ஜோக் இல்லை, 2017-இல் நிஜமாகவே நடந்தது. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு கட்டட உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் நடந்த வழக்கு. தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றே விளங்கவில்லை என்று சொல்லி, ரத்து செய்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அதே உயர் நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது, வேலை போன ஒரு வங்கி ஊழியரின் வழக்கு. அதைப் படித்துவிட்டு டைகர் பாம் தடவ வேண்டியதாயிற்று என்று விசாரணையின்போதே ஒரு நீதிபதி சொன்னார்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. வழக்குக்காரர்களுக்கு வந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து அலைச்சல், மறுபடி வக்கீல் செலவு.

அந்த இரண்டாவது வழக்கில்தான் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதுவது எப்படி என்று விளக்கமாகவே சொன்னது. பத்திகளுக்கு எண் போடுங்கள், நீளமான தீர்ப்பு என்றால் முன்னால் பொருளடக்கம் கொடுங்கள் என்றெல்லாம். எனக்குப் பிடித்தது வேறொன்று: தீர்ப்பு யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவர்களுக்கு அது புரிய வேண்டும் என்றார்கள்.

நம் ஆபீஸ் இங்கிலீஷுக்கும் இதே வியாதிதான். பெரிய பெரிய வார்த்தைகளைக் கூட மன்னித்துவிடலாம், அகராதி இருக்கிறது. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லாமல் நழுவுகிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. 'இட் ஹேஸ் பீன் டிசைடட்' என்று எழுதிவிட்டால் போதும், முடிவெடுத்த ஆள் யாரென்று யாரும் கேட்க முடியாது.

கேஒய்சி, அதாவது நம் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பாருங்கள். நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல்களின்படி, உரிய ஆவணங்கள், குறிப்பிட்ட காலவரம்புக்குள், சமர்ப்பிக்கப்படாத பட்சத்தில், கணக்கின் செயல்பாடு கட்டுப்படுத்தப்படும் என்று மூச்சு விடாமல் ஒரே வாக்கியம். எந்த ஆவணம்? எத்தனாம் தேதிக்குள்? பணம் எடுக்க மட்டும் முடியாதா, பென்ஷன் வரவு வைப்பதும் நின்றுவிடுமா? ஒன்றுக்கும் பதில் இல்லை. 'மார்ச் 15-க்குள் ஆதார், பான் நகலோடு கிளைக்கு வாருங்கள். வராவிட்டால் 16-ஆம் தேதியிலிருந்து பணம் எடுக்க முடியாது' என்பதை ஆறாம் வகுப்பு இங்கிலீஷிலேயே எழுதிவிடலாம். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு இந்த இங்கிலீஷ் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். மேலே அனுப்பினால் 'என்னப்பா, ஸ்கூல் பையன் எழுதின மாதிரி இருக்கு' என்று திரும்பி வரும். அந்தப் பயம்தான். கடிதம் போவது ரிட்டயர்டான ஒரு பெரியவருக்கு, ஆனால் எழுதப்படுவது மேனேஜருக்காக.

1998-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் எளிய ஆங்கிலத்துக்கு ஒரு கையேடு போட்டது. முன்னுரை எழுதியவர் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட். பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவாராம். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை. அந்த 'ஆனால்' முக்கியம். எளிமையாக எழுதுகிறேன் என்று படிப்பவரைக் குழந்தையாக்கிக் கொஞ்சுகிற சிலரை எனக்குப் புரியாமல் எழுதுபவர்களைவிடப் பிடிக்காது.

அதேபோல, சுருக்கமாக எழுதுவதும் தெளிவாக எழுதுவதும் ஒன்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' நாலே வார்த்தைதான். என்ன செய்ய வேண்டுமென்று கேட்க நாம் திரும்ப மூன்று மெயில் போட வேண்டியிருக்கிறது. தேதியும் தொகையும் பெயரும் இருந்தால் ஒரு வரி கூடுதலாகப் போகட்டுமே.

கடைசியாக எல்லோரும் சொல்லும் சாக்கு, 'லீகல்ல ஒத்துக்க மாட்டாங்க சார்.' சரி, 1975-இல் நியூயார்க்கில் சிட்டிபேங்க் தன் தனிநபர் கடன் பத்திரத்தை 'நான்', 'நீங்கள்' என்று சாதாரண ஆங்கிலத்தில் மாற்றி எழுதியது. சில வருடங்களில் நியூயார்க் மாநிலமே பொதுமக்களோடு போடும் ஒப்பந்தங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அங்கேயும் வக்கீல்கள் இருந்தார்கள். கடன் வாங்கியவர்களும் பத்திரம் புரிகிறது என்பதற்காகக் கட்டாமல் தப்பித்துவிடவில்லை.