கோப்புகளைப் பூட்டி வைப்பவர்களின் வன்முறை

பயங்கரவாதம் என்று பேச்செடுத்தாலே குண்டு வைத்தவனில் தொடங்கி அவனிலேயே முடித்துவிடுகிறோம். அரசு செய்ததைச் சொன்னால், "அப்போ குண்டு வைத்தது சரியா?" என்று பாய்கிறார்கள். சரியில்லை. கடைக்கு வந்தவர்களைக் கொல்வதை எந்த விடுதலையும் நியாயமாக்காது. ஆனால் அரசின் வன்முறையை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். விசாரிக்க வேண்டியவனே செய்த குற்றம் அது.

பிரான்ஸ் ஆண்டுகொண்டிருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் 1956 செப்டம்பர் 30 அன்று, விடுதலைக்குப் போராடிய தேசிய விடுதலை முன்னணியின் குண்டு மில்க் பார் என்ற கடையில் வெடித்தது. பிரெஞ்சுக் குடும்பங்கள் கூடும் இடம். இது பலருக்குத் தெரியும். அதற்கு ஏழு வாரம் முன்பு, அல்ஜீரியர்கள் வாழும் பழைய நகரப் பகுதியான கஸ்பாவின் தீப்ஸ் தெருவில் பிரெஞ்சுக் குடியேறிகளின் தீவிரக் குழு வைத்த குண்டில், தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் வீடுகள் இடிந்து விழுந்தன. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

1957 ஜனவரியில் நகரத்தின் காவல் அதிகாரம் ஜெனரல் மாசுவின் பாராசூட் படையிடம் போனது. அப்புறம் நடந்தது சித்திரவதை. அங்கே காவல் நிர்வாகத்தில் உயர் பொறுப்பில் இருந்த போல் தெத்ஜென், முன்பு நாஜிகளிடம் சிக்கி வதைபட்டவர். தன் உடம்பு அறிந்த அதே கொடுமையின் அடையாளங்களைக் கைதிகளிடம் கண்டு ராஜினாமா கடிதம் எழுதினார். அவர் கணக்குப்படி காணாமல் போனவர்கள் 3,024 பேர். ஒரு அரசுக்குள்ளிருந்து இப்படி ஒருவர் எழுந்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

கணித ஆசிரியர் மொரீஸ் ஒதானை அந்த ஜூனில் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்றது ராணுவம். அவர் மனைவி ஜோசெத் விடவில்லை, வாழ்நாள் முழுக்க உண்மையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018இல்தான் அதிபர் மக்ரோன் அரசின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். சில மாதங்களில் ஜோசெத் இறந்துபோனார்.

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது ஒன்று உண்டு. சித்திரவதை செய்தேன், கொன்றேன் என்று அப்போது அல்ஜியர்ஸில் மாசுவின் கீழ் வேலை பார்த்த ஜெனரல் ஒசாரெஸ் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் போர்க்காலக் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் இருந்ததால் அதற்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை. போர்க்குற்றத்தை நியாயப்படுத்தியதற்காக அபராதம் மட்டும் விதித்தார்கள். செய்ததற்குத் தண்டனை இல்லை, எழுதியதற்கு அபராதம்!

வட அயர்லாந்திலும் பார்க்கலாம். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் செத்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். சில வாரங்களில் வந்த அரசு விசாரணையின் விட்ஜரி அறிக்கை பழியின் பெரும்பகுதியை ராணுவத்திடமிருந்து இறக்கி வைத்தது. செத்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அரசு சொல்ல 2010 ஆனது. இடையில் எத்தனை இளைஞர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ பக்கம் போனார்கள்! 1972 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் ஐஆர்ஏ வைத்த குண்டுகளில் 9 பேர் இறந்தார்கள். ஐஆர்ஏ மன்னிப்புக் கேட்டது 30 ஆண்டு கழித்து.

சரி, அரசைச் சொல்கிறவர்கள் ஆயுதக் குழுவிடம் மென்மையாக இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தென் அமெரிக்க நாடான பெருவில், அரசுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் நடந்த மோதலை விசாரித்த உண்மை ஆணையம் 2003இல் கொடுத்த கணக்கில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 69,000 பேர். ஆணையத்திடம் பதிவான கொலைகளில் பாதிக்கு மேல் ஷைனிங் பாத் என்ற மாவோயிஸ்ட் ஆயுதக் குழு செய்தது. ஏழைகளுக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள் 1983இல் லூகானமார்காவில் குழந்தைகள் உட்பட 69 கிராமவாசிகளை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். 1985இல் அக்கோமார்காவில் ராணுவம் தன் பங்குக்குக் கிராம மக்களைக் கொன்றது. இரண்டு பக்கமும் செத்தவர்கள் பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராம ஏழைகள். அந்த ஆணையம் இரு தரப்பையும் பெயர் சொல்லி எழுதியது. எனக்கு அதுதான் முன்மாதிரி.

சித்திரவதைக்கும் காணாமல் ஆக்கியதற்கும் எந்த நாட்டிலும் பொதுமன்னிப்பு இருக்கக் கூடாது. ராணுவக் கோப்புகளை சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே திறக்க வேண்டும். ராணுவத்தின் மேல் வரும் புகாரை ராணுவமே விசாரிக்கும் வழக்கத்தையும் ஒழிக்க வேண்டும்.