கலரைத் திட்டுங்கள், அந்த அம்மாவை விட்டுவிடுங்கள்

கைக்குழந்தைக்குக் கலர், அதாவது கடையில் விற்கும் இனிப்புக் குளிர்பானம், கொடுக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் போதும், நம் ஊரில் எல்லோருக்கும் வாய் திறந்துகொள்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கலர் கொடுக்கவே கூடாது என்கிற கட்சிதான் நானும். அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பெற்றவளை நாலு பேர் முன்னால் நிற்க வைத்து ஏசுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

போன வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் தேவகோட்டை பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றிருந்தாள். 22, 23 வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. பால் பாட்டிலில் ஆரஞ்சுக் கலர்; ரப்பர் நுனிகூடச் சாயம் ஏறிப்போயிருந்தது. பிள்ளை சிரித்தபோது மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு தெரிந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். "படிச்ச பிள்ளை மாதிரி இருக்க, இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் எதுக்குப் பிள்ளை பெத்த?" அவள் பதிலே சொல்லவில்லை. பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பிள்ளை வீறிட்டு அழுதது. பஸ் வந்து ஏறி உட்கார்ந்ததும் அதே பாட்டில் மறுபடி வெளியே வந்தது.

ஏசியதில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? ஒன்றுமில்லை. இனி அவள் ஒளித்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். நாளைக்குப் பல் டாக்டர் கேட்டால் "கலரெல்லாம் குடுக்கிறதில்லைங்க" என்று தலையை ஆட்டுவாள். அப்படிச் சொன்னால் டாக்டரும் உண்மையான காரணத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

சரி, கலரில் என்னதான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஒரு பாட்டில்தானே" என்கிறவர்கள் நிறையப் பேர். பல கலர்களில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் ஏறக்குறைய 25 கிராம், ஆறு டீஸ்பூன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 1000 கலோரி. சேர்க்கும் சர்க்கரை அதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது 25 கிராம். நாள் முழுவதுக்குமான எல்லை ஒரே பாட்டிலில் தீர்ந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குக் கீழே சர்க்கரை சேர்த்த பானமே வேண்டாம் என்று 2023-இல் அதே நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பல்லுக்கு இதைவிடக் கேடு, பிள்ளை அதை எப்படிக் குடிக்கிறது என்பதில் இருக்கிறது. பெரியவர்கள் மடமடவென்று குடித்துவிட்டு வைத்துவிடுகிறோம். பிள்ளை பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சப்புகிறது. ஒவ்வொரு முறை சர்க்கரை படும்போதும் வாயில் இருக்கும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அது ஆறுவதற்குள் அடுத்த வாய். தூங்கும்போது எச்சில் ஊறுவதும் குறைந்துவிடுவதால் ராத்திரிப் பாட்டில்தான் முன்பல்லை முதலில் தின்கிறது. அப்புறம், அந்தச் சின்ன வயிறு கலரிலேயே நிறைந்துவிட்டால் சோறு எப்படி இறங்கும்? "எங்க பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது" என்று வருத்தப்படும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இனிப்பு நமக்குப் புதிதில்லை. கவுனி அரிசி, கும்மாயம், கந்தரப்பம் என்று செட்டிநாட்டு இனிப்புகள் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் அது நோன்பு, நாள் கிழமை, விசேஷம் என்று வந்த இனிப்பு. அப்பத்தா ஒரு கரண்டி தட்டில் வைப்பார், சாப்பிட்டு வாய் கொப்பளித்ததோடு முடிந்தது. தினமும் பாட்டிலில் ஊற்றி வாயில் சொருகவில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை என்று ஏசுகிறோமே, அவளுக்குத் தெரியும்படி யார் சொன்னார்கள்? பாட்டிலுக்குப் பின்னால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது அளவு. முன்னால் பெரிய மாம்பழப் படம். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிஞ்சிய பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். இங்கே? 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது கேஸ் அடைத்த கலருக்கு மொத்த வரி 40 சதவீதத்திலேயே நின்றது, நல்லது. ஆனால் பழச்சாறு பானங்களுக்கு 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. சின்னப் பிள்ளைகள் கையில் அதிகம் இருப்பது அந்த ஸ்ட்ரா குத்திய டப்பாதான். சர்க்கரை கலக்காத சுத்தமான பழச்சாறையே ஒரு வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் சொன்னது. சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த டப்பாவைப் பற்றி என்ன சொல்ல.

ஓ.ஆர்.எஸ். கதை, அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் கதை, இன்னும் கொடுமை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடைக்கு ஓடினால், ஓ.ஆர்.எஸ். என்று பெயரில் போட்ட இனிப்புப் பான டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சரியான கணக்கில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்த டப்பாக்களில் இருந்தது அதைப் போலப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்புத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருடம் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதுவரை வாங்கிக் கொடுத்தவர்களில் இன்ஜினியர்கள் இருந்தார்கள், டீச்சர்கள் இருந்தார்கள். அவர்களையெல்லாம் யாராவது "எதுக்குப் பிள்ளை பெத்த?" என்று கேட்டோமா?

கேட்க மாட்டோம். கார் ஏ.சி.யில் உட்கார்ந்து பிள்ளைக்கு 200 ரூபாய் மில்க் ஷேக் கொடுக்கிறவரிடம் யாரும் போய் நிற்பதில்லை. செக்காலை ரோட்டில் சித்தாள் வேலை முடிந்து வரும் பெண் கையில் இருக்கும் 10 ரூபாய்ப் பாட்டில்தான் நம் கண்ணை உறுத்துகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்கரை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இதில் அப்பாவை யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பைக்கில் வரும்போதே கலர் வாங்கிக்கொண்டு வருகிற சித்தப்பா, "எம்பேரன் கேட்டான்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஐயா, இவர்களெல்லாம் பாசக்காரர்கள். பல் சொத்தையானால் மட்டும் அம்மா வளர்ப்பு.

வேண்டாம் என்று சொல்கிற அம்மாவுக்காவது நிம்மதி இருக்கிறதா? எங்கள் அண்ணி தன் மகனுக்கு மூன்று வயது வரை கலர் கிடையாது என்று உறுதியாக இருந்தார். கோட்டையூரில் ஒரு கல்யாண வீடு. முகப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பன்னீர் சோடாவை வாயில் வைத்துவிட்டார். அண்ணி, "வேண்டாங்க ஐயா, பழக்கமில்லை" என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். "ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிரும்? நாங்கல்லாம் பிள்ளை வளர்க்கலையா?" என்று அவர் கேட்க, பந்தி முடிவதற்குள் "மருமகளுக்குத் திமிர்" என்று கல்யாண வீடு முழுக்கப் பேச்சு. கொடுத்தால் விவரமில்லாதவள், கொடுக்காவிட்டால் திமிர் பிடித்தவள். எந்தப் பக்கம் போனாலும் பெண்ணுக்கு அடி.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "தாயி, பல்லு கருக்குது பாரு, தண்ணி குடுத்துப் பழக்கு, ஆஸ்பத்திரியில ஒரு தடவை பல்லைக் காட்டிரு" என்றால் அவள் கேட்டிருப்பாள். ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் ராத்திரிப் பாட்டிலை மட்டும் முதலில் நிறுத்தச் சொல்லலாம். பாட்டிலைவிட்டு டம்ளருக்கு மாற்றச் சொல்லலாம். அதைச் சொல்ல நேரமில்லாதவர்கள் பேசாமல் இருப்பது நல்லது.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எதையாவது நீட்டுவதற்கு முன்னால் "குடுக்கலாமாத்தா?" என்று அதன் அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

வைகாசியில் எங்கள் வீட்டில் விசேஷம் வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு உப்புக் குறைத்த நீர்மோரும் இளநீரும் தனியாக வைக்கச் சொல்லி சமையல்காரரிடம் பேசியாகிவிட்டது. உறவுக்காரர்கள் யாரும் பிள்ளைகளுக்கென்று கலர் பெட்டி எடுத்து வர வேண்டாம். பாசமாக ஏதாவது வாங்கி வரத்தான் வேண்டுமென்றால் கொய்யாவோ வாழைப்பழமோ வாங்கி வாருங்கள், அதையும் அம்மாக்கள் கையில் கொடுங்கள்.