இடம் கிடைச்சாச்சு, ஓகஸ்ட்டிலயாவது பிள்ளையளைச் சும்மா விடுங்கோ

வாற செப்டெம்பர் என்ர மகள் லண்டன்ல சட்டன் பக்கத்தில ஒரு கிராமர் ஸ்கூல்ல, அதாவது சோதினை வச்சுப் பிள்ளையளை எடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்தில, இயர் செவன் (செக்கண்டரியின்ர முதல் வருசம்) தொடங்கிறா. சந்தோசம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா மார்ச் தொடக்கத்தில இடம் கிடைச்ச ஈமெயில் வந்ததில இருந்து எங்கட ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், இனி எங்க ரியூசனுக்கு விடப்போறியள் எண்டு. இப்ப இயர் செவன் ஹெட் ஸ்டார்ட் எண்டு ஓகஸ்ட் முழுக்க வகுப்பு வைக்கினம், மற்ஸ், இங்கிலிஸ், சயன்ஸ், காலமை பத்து மணிக்குத் தொடங்கினா மத்தியானம் தாண்டும்.

பத்துப் பதினொரு வயசுப் பிள்ளையள். இயர் ஃபோர்ல இருந்து சனி ஞாயிறு இல்லை, பேர்த்டே பார்ட்டி இல்லை. போன செப்டெம்பர் சட்டன் கிராமர் ஸ்கூல்களுக்கான சோதினை, கன பேருக்கு அதோட கிங்ஸ்டன்ல இருக்கிற ரிஃபின் கிராமர் ஸ்கூல்களின்ர சோதினையும், முதல் சோதினை பாசெண்டா ரெண்டாம் கட்டம், பிறகு மார்ச் மட்டும் காத்திருப்பு, அது முடிய மே மாதம் பிரைமரி கடைசி வருசத்தில வைக்கிற சற்ஸ் சோதினை. இவ்வளவும் முடிச்ச பிள்ளையைத் திருப்பி அதே மேசையில கொண்டுபோய் இருத்தோணுமோ?

ஏன் இந்த ஓட்டம் எண்டும் விளங்குது. இங்கிலாந்து முழுக்க இப்ப மிஞ்சியிருக்கிறது 163 கிராமர் ஸ்கூல்தான். 1965க்குப் பிறகு கனக்கப் பள்ளிக்கூடங்களை, சோதினை இல்லாமல் எல்லாப் பிள்ளையளையும் எடுக்கிற கொம்பிரிஹென்சிவ் ஆக்கிப்போட்டினம், 1998இல வந்த சட்டத்தோட புதுசாத் தொடங்கவும் ஏலாது. அந்த 163இல அஞ்சு சட்டன்ல இருக்கு, ரூட்டிங், மிற்சம், குறொய்டன், இன்னும் தூரத்தில இருந்தெல்லாம் பிள்ளையள் வந்து எழுதுதுகள். ஊர்ல ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கு வெட்டுப்புள்ளி, வெட்டுப்புள்ளி எண்டு வளந்த ஆக்கள் நாங்கள், அந்தப் பயம் எங்கட ரத்தத்தில ஊறினது.

ஆனா நான் பயப்பிடுறது வேற ஒண்டுக்கு. கிராமர் ஸ்கூல் வகுப்பில முப்பது பிள்ளை இருந்தா முப்பதும் தங்கட பிரைமரியில முன்னுக்கு நிண்ட பிள்ளையள். அதில ஆரோ ஒராள் முப்பதாவதா வரத்தான் வேணும். இதை எத்தினை வீட்டில பிள்ளைக்கு முதலே சொல்லிக் குடுக்கினம்?

எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்டு, பெடியன் நல்ல கெட்டிக்காரன், கிராமருக்குப் போய் முதல் ரேர்ம்ல ஃபிரெஞ்சு சோதினையில பாதிப் புள்ளி கூட வரேல்லை. பிரைமரியில ஃபிரெஞ்சு பேருக்குத்தான் நடந்தது, லெவன் பிளஸ் (கிராமருக்கு எடுக்கிற சோதினை) ரியூசன்ல அது இல்லவே இல்லை, பிறகு எப்பிடி வரும்? பேப்பரை நாலா மடிச்சு பிளேசர் உள்பொக்கற்றுக்க வச்சிருந்திருக்கிறான், ஹாஃப் ரேர்முக்கு தாய் தோய்க்க எடுக்கேக்கதான் கண்டது. ஏனப்பு சொல்லேல்லை எண்டு கேட்டதுக்கு அவன் கேட்டானாம், "அம்மா, என்ர இடத்தை எடுத்துப்போடுவினமோ?" பதினொரு வயசுப் பிள்ளை அந்த யோசினையோட எத்தினை நாள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கும்! நினைக்கவே வயிறு எரியுது.

அதால இப்பவே இருத்திவச்சுக் கதையுங்கோ. கிடைச்ச இடம் உன்ர இடம், ஒரு சோதினையில குறைஞ்சா ஒருத்தரும் பறிக்கப்போறேல்லை, எத்தினையாம் ஆள் எண்டு நாங்கள் கேக்கமாட்டம் எண்டு வாயால சொல்லுங்கோ. சொன்னாப் போல கேக்காமலும் இருங்கோ.

ஓகஸ்ட்டில பழக்க வேண்டியது வேற கனக்க இருக்கு. இதுவரைக்கும் கையில பிடிச்சு கூட்டிக்கொண்டு போன பிள்ளை இனி நியூ மோல்டன்ல 213 பஸ் ஏறித் தனியப் போகப்போகுது. ஸிப் ஒய்ஸ்டர் கார்ட்டை (பிள்ளையளின்ர பஸ் கார்ட்) மறந்தா என்ன செய்யிறது, பஸ் சுத்திப் போனா எங்க இறங்கிறது, ஆரிட்டக் கேக்கிறது, இதையெல்லாம் ரெண்டு மூண்டு தரம் கூடப் போய்க் காட்டோணும். கன பள்ளிக்கூடத்தில வீக் ஏ, வீக் பி எண்டு ரெண்டு கிழமை ரைம் ரேபிள், அதைப் பாத்து பையை பிள்ளைதான் அடுக்கோணும், நாங்கள் இல்லை. ரை கட்டவும் பழக்குங்கோ, பி.ஈ. முடிய ஐஞ்சு நிமிசத்தில கட்டோணும். மிச்ச நேரம் வடிவா நித்திரை கொள்ளட்டும், விளையாடட்டும்.

இன்னொண்டு. ஒண்டா ரியூசன் படிச்ச சிநேகிதப் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு முன்னால யூனிஃபோர்ம் கதை கதைக்காதேங்கோ, ஓஃபர் லெற்றரைப் படம் பிடிச்சுப் போடாதேங்கோ. எல்லாரும் பதினாறு வயசில எழுதப்போறது ஜி.சி.எஸ்.ஈ. தான், அதுக்குப் பிறகு வாற சிக்ஸ்த் ஃபோர்முக்கு வெளியில இருந்தும் கிராமர்ல எடுக்கினம். சிநேகிதம் விட்டுப்போகாமல் லீவுக்குள்ள ரெண்டு பேரையும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

தொடங்கினாப் பிறகு பிள்ளைக்கு ஏதும் விளங்கேல்லையெண்டா முதல்ல ஃபோர்ம் ரியூற்றருக்கு (பள்ளிக்கூடத்தில வகுப்புக்குப் பொறுப்பான ரீச்சர்) ஈமெயில் போடுங்கோ, ரியூசன் சென்ரரை பிறகு பாக்கலாம். நியூ மோல்டன், வூஸ்டர் பார்க் பக்கத்தில இருந்து சட்டனுக்கு 213இல போகப்போற பிள்ளையள் ஆரும் இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்கோ, முதல் கிழமை எல்லாரும் சேர்ந்து போகட்டும்.