பூசாவைக் கட்டி எழுப்புன மனுஷன் பேரு பி.பி. பால்

பசுமைப் புரட்சின்னு பேச்சு வந்தா நம்ம தமிழ் ஆளுங்க வாயில ரெண்டு பேரு வரும். ஒண்ணு எம்.எஸ். சுவாமிநாதன், இன்னொண்ணு சி. சுப்பிரமணியம். ரெண்டு பேருமே நம்ம மண்ணு, பெருமைப்பட வேண்டியதுதான், நானும் படறேன். ஆனா டெல்லியில இத்தனை வருஷமா குடியிருந்து, கரோல் பாக்குக்கும் ராஜேந்திரா பிளேஸுக்கும் நடுவுல பூசா ரோட்டுல போய்வந்துக்கிட்டு இருக்கற நம்மள்ல எத்தனை பேருக்கு, பூசான்னு எல்லாரும் சொல்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தக் கட்டி எழுப்புன கோதுமை விஞ்ஞானி பி.பி. பால்ங்கிற பேரு தெரியும்? சங்கத்துல, கோயில்ல, கல்யாண வீட்டுலன்னு எத்தனையோ பேர்கிட்ட இதப் பத்தி பேசியிருக்கேன், அனேகமா யாருக்கும் தெரியல. எனக்கு அது மனசு கேக்கல. அதான் இவ்வளவு நீளமா எழுதறேன், நேரம் இருக்கறவங்க பொறுமையா படிங்க.

நான் சொல்ல வர்றத முதல்லயே சொல்லிடறேன். மெக்ஸிகோவுல இருந்து குட்டை ரக கோதுமை விதை வந்துச்சு, பஞ்சம் போச்சுன்னு கதைய முடிச்சிடறாங்க. வெறும் விதை மட்டும் வந்து இறங்கியிருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. அத வாங்கி நாடு பூரா விதைச்சுப் பாத்து, எந்த மண்ணுக்கு ஆகும், எந்த நோய்க்கு விழும், எப்ப விதைக்கணும், எத்தனை தண்ணி விடணும்னு சொல்ல ஆளுங்க வேணும், அந்த ஆளுங்களுக்கு ஒரு அமைப்பு வேணும், அந்த அமைப்போட உச்சியில பயிரத் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்திருக்கணும். அது மூணும் 1965-க்குள்ள தயாரா இருந்துச்சுன்னா அதுக்குப் பின்னாடி முப்பது வருஷ உழைப்பு இருக்கு, அதுல பெரும் பங்கு பாலோடது.

பஞ்சாப்ல பொறந்து பர்மாவுல வளந்தவர் அவரு. 1906-ல பொறந்தாரு, ரங்கூன்ல படிச்சு கேம்ப்ரிட்ஜ் போய் ரோலண்ட் பிஃபென்கிட்ட டாக்டர் பட்டம் வாங்குனாரு. பிஃபென் யாருன்னா, கோதுமையில துரு நோய்க்கு எதிர்ப்பு சக்தி மெண்டல் சொன்ன விதிப்படி தலைமுறை தலைமுறையா இறங்கி வருதுன்னு காட்டினவரு. அதாவது நோய்க்கு மருந்து அடிக்காம, நோயத் தாங்கற ரகத்த ஒட்டுக் கட்டி, அதாவது ரெண்டு ரகத்த மகரந்தக் கலப்பு செஞ்சு, உருவாக்கலாம்ங்கற எண்ணத்துக்கே அடித்தளம் போட்ட ஆளு. அவர்கிட்ட பாடம் படிச்சுட்டு 1933-ல பால் பூசாவுக்கு வேலைக்கு வர்றாரு. டெல்லி பூசா இல்ல, பீகார்ல இருக்கற அசல் பூசா. கர்சன் பிரபு காலத்துல, 1905-ல, ஹென்றி ஃபிப்ஸ்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த 30,000 பவுன் நன்கொடையில ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிலையம் அது.

பால் வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், 1934 ஜனவரி 15 பீகார் பூகம்பம் வருது. அந்தப் பெரிய கட்டடமே நாசமாயிடுச்சு. அப்புறம்தான் நிறுவனத்த மூட்டை கட்டி டெல்லிக்குக் கொண்டு வந்தாங்க, 1936 நவம்பர்ல இங்க தொறந்தாங்க. லைப்ரரி, விதை, பூச்சி சேகரிப்பு, ஆளுங்க எல்லாத்தையும் இடம் மாத்தி, புது மண்ணுல வயல் போட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பால் அந்த வேலைக்குள்ளயே வளந்தவரு. 1950-ல அந்த நிறுவனத்துக்கே டைரக்டர் ஆகி 1965 வரைக்கும் இருந்தாரு.

இப்ப துரு நோய் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லாத்துக்கும் சாவி அதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். துருங்கறது ஒரு பூஞ்சை நோய். கோதுமைக்கு மூணு துரு உண்டு, கருப்பு, பழுப்பு, மஞ்சள். நல்லா வெளஞ்சு நிக்கற வயல்ல கதிர் பால் பிடிக்கற நேரத்துல இது இறங்குச்சுன்னா மணி சுருங்கிப் போயிடும், விவசாயி கையில பதர்தான் மிஞ்சும். ஆக்ராவுல கே.சி. மேத்தான்னு ஒரு பேராசிரியர், வருஷக்கணக்கா இதத் துரத்தித் துரத்தி ஆராய்ஞ்சு ஒரு விஷயம் கண்டுபிடிச்சாரு. வட இந்திய சமவெளியில மே, ஜூன் வெயில்ல இந்த நோயோட வித்துக்கள் பொழைக்க முடியாது. அப்ப அடுத்த வருஷம் எங்க இருந்து வருது? மலையில இருந்து. இமயமலைச் சரிவுல குளிர்ல உயிரோட இருந்துட்டு காத்துல கீழ இறங்குது. தெற்க எடுத்துக்கிட்டா நம்ம நீலகிரி, பழனி மலையில இருந்து கருப்புத் துரு கெளம்பி மேல போகுது. ஊட்டிப் பக்கம் நிக்கற ஒரு பயிர்ல இருக்கற நோய் மத்தியப் பிரதேசத்து விவசாயிய அடிக்கும்! இன்னைக்கும் நீலகிரி வெலிங்டன்ல பூசா நிறுவனத்தோட (ஐ.ஏ.ஆர்.ஐ.) கோதுமை நிலையம் இருக்கே, கோதுமை விளையாத தமிழ்நாட்டுல இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

இப்படி ஒரு நோயோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டுற ஒருத்தருக்கு, ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியா ஆராய்ச்சி பண்ணா வேலைக்கே ஆகாதுங்கறது புத்தகம் படிச்சு தெரியவேண்டியதில்ல. காத்துக்கு எல்லை கிடையாது. பால் குழு மூணு துருவையும் தாங்கற மாதிரி என்.பி. 809-ன்னு ஒரு கோதுமை ரகத்த 1954-ல கொண்டு வந்தாங்க. அதுக்கான ஒட்டு வேலை முப்பதுகள்லயே ஆரம்பிச்சது. ஒரு ரகத்துக்கு ஏறக்குறைய இருபது வருஷம்! அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் கேக்கற அரசாங்கத்துக்கு நடுவுல இப்படி ஒரு பொறுமைய ஒரு நிறுவனத்துக்குள்ள காப்பாத்தி வெக்கிறது சின்ன விஷயமில்ல.

சரி, அமைப்புக்கு வர்றேன். லின்லித்கோ பிரபு தலைமையில விவசாயத்துக்குன்னு வந்த ராயல் கமிஷன் 1928-ல கொடுத்த சிபாரிசுப்படி 1929 ஜூலைல ஐ.சி.ஏ.ஆர்., அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில், பொறந்துச்சு, அப்ப இம்பீரியல் கவுன்சில்னு பேரு. அதோட முதல் துணைத் தலைவர் டி. விஜயராகவாச்சாரியார், நம்ம ஆளுதான், ஆனா நிர்வாகி. அவர் மாதிரி திறமையான நிர்வாகிங்க நல்லாவே நடத்தினாங்க, அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. பிரச்சினை ஆளுங்க கிட்ட இல்ல, அமைப்புல. ஆராய்ச்சி கவுன்சில்னு பேரு, ஆனா பூசா அதோட கையில இல்ல, இஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் கையில இல்ல, கர்னால் பால்பண்ணை நிலையம் கையில இல்ல. எல்லாம் நேரா அமைச்சகத்துக்குக் கீழ. கவுன்சில் பணம் கொடுக்கும், யோசனை சொல்லும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் பருத்திக்கு ஒரு கமிட்டி, கரும்புக்கு ஒண்ணு, தேங்காய்க்கு ஒண்ணு, புகையிலைக்கு ஒண்ணு, சணலுக்கு ஒண்ணு, பாக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா, ஒவ்வொண்ணுக்கும் தனி பணம் தனி லேப். மாநிலத்து விவசாயத் துறைங்க அவங்க வழியில. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஐ.சி.ஏ.ஆர். நிர்வாகத் தலைமையில ஐ.சி.எஸ்., ஐ.ஏ.எஸ். அதிகாரிங்கதான், விஞ்ஞானி போய் அவங்க முன்னாடி ஃபைலோட நிக்கணும்.

1963-ல பார்க்கர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி தலைமையில ஒரு குழு இத அலசி, எல்லாத்தையும் ஒரே குடைக்குக் கீழ கொண்டு வாங்க, மேல ஒரு விஞ்ஞானிய உக்கார வைங்கன்னு சொன்னாங்க. அறிக்கைங்க அலமாரியில தூங்கறது புதுசில்ல. இது தூங்காததுக்குக் காரணம் 1964-ல விவசாய அமைச்சரா வந்த சி. சுப்பிரமணியம், அதாவது சி.எஸ். தன் பங்களா புல்தரையையே உழுது புது கோதுமை விதைச்ச மனுஷன் அவரு. அவரு செஞ்ச பெரிய காரியம் எதுன்னு என்னக் கேட்டா விதை இறக்குமதிய சொல்ல மாட்டேன், 1965 மே மாசம் பாலக் கூப்பிட்டு ஐ.சி.ஏ.ஆர். டைரக்டர் ஜெனரல் நாற்காலியில உக்கார வெச்சதத்தான் சொல்வேன். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆளு பால். தமிழ்நாட்டு அரசியல்வாதியும் பர்மாவுல வளந்த பஞ்சாபி விஞ்ஞானியும் சேந்து எடுத்த முடிவு அது, அதிகாரிகள் பக்கம் எவ்வளவு முணுமுணுப்பு இருந்திருக்கும்னு டெல்லியில ஆபீஸ் வேலை பாத்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

அப்புறம் வேலை வேகமா நடந்துச்சு. அந்தப் பயிர்க் கமிட்டிங்கள கலைச்சாங்க. 1966-ல பூசா, இஸத்நகர், கர்னால் எல்லாம் ஐ.சி.ஏ.ஆருக்குக் கீழ வந்துச்சு. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1969-ல வந்துச்சு. அந்த நிலையத்துல பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நம்ம கரும்பையும் காட்டு நாணல் வகையையும் ஒட்டுக் கட்டி வட இந்தியா பூரா கரும்பு விளைய வெச்ச கதைய இன்னொரு நாள் தனியா எழுதணும், இப்ப ஆரம்பிச்சா நிக்காது.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம்னு சொல்றாங்களே அது. பேரு கேக்க ரொம்ப சர்க்காரியா இருக்கும், ஆனா விஷயம் அருமை. 1957-ல மக்காச்சோளத்துல ஆரம்பிச்சது, பால் அப்ப பூசா டைரக்டர். ஒரே செட் ரகங்கள நாடு பூரா பல ஊர்ல, ஒரே முறையில, ஒரே சீசன்ல விதைக்கணும். லூதியானாவுல நல்லா வந்தது தார்வாட்ல எப்படி வருது, துரு எங்க பிடிச்சுது, எங்க பிடிக்கல, எல்லாத்தையும் ஒரே மாதிரி குறிச்சு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து வெச்சுப் பாக்கணும். யார் ரகம் ஜெயிச்சாலும் சரி, எண்தான் பேசும், சீனியாரிட்டி பேசாது. பால் டைரக்டர் ஜெனரல் ஆன பிறகு கோதுமை, நெல்லுன்னு பயிர் பயிரா இது பரவுச்சு.

1966-ல 18,000 டன் மெக்ஸிகோ விதை கப்பல்ல வந்து இறங்கறப்போ இந்த வலை தயாரா இருந்துச்சு. வந்த ரகங்க சிவப்பு மணி, நம்ம ஜனங்களுக்கு சப்பாத்திக்கு அது பிடிக்கல. கொஞ்ச நாள்லயே வெளுப்பு மணியா கல்யாண் சோனா, சோனாலிகான்னு தேறின ரகங்களப் பொறுக்கி எடுத்து விவசாயி கைக்குக் கொடுக்க முடிஞ்சுதுன்னா அந்த வலையாலதான். 1964-65-ல 1.23 கோடி டன்னா இருந்த கோதுமை 1967-68-ல 1.65 கோடி டன் ஆச்சு. நடுவுல ரெண்டு வருஷம் கடும் வறட்சி. எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க, அறுபதுகள்ல ரேஷன்ல வந்த அமெரிக்கா கோதுமைய ரவையா உடைச்சு உப்புமா கிண்டித் தின்னோம்னு. தஞ்சாவூர் ஜில்லாவுல நெல்லுக்கு நடுவுல பொறந்தவங்க அவங்க.

அந்த வயல்கள்ல நின்னு வேலை பாத்த பசங்க எங்க இருந்து வந்தாங்க? 1958-ல பூசா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு, பட்டம் கொடுக்கற முதுகலைப் படிப்பு தொடங்குச்சு. அதுவும் பால் டைரக்டரா இருந்த காலம்தான். சுவாமிநாதனே 1947-ல அங்க மாணவரா போனவரு, பால் இருந்த இடத்துல ட்ரெயினிங் எடுத்தவரு, பின்னாடி 1972-ல பாலுக்கு அடுத்ததா ஐ.சி.ஏ.ஆர். டைரக்டர் ஜெனரல் நாற்காலியில உக்காந்தவரு. ஒருத்தர உயர்த்தி இன்னொருத்தரத் தாழ்த்த நான் வரல. ஒருத்தர் தோள் மேலதான் இன்னொருத்தர் ஏறுறாங்க, அந்தத் தோளுக்கும் ஒரு பேரு உண்டுன்னு சொல்றேன்.

சில நண்பர்கள் கண்டிப்பா கேப்பாங்க, இந்த ஆராய்ச்சிதானே நம்ம பாரம்பரிய ரகங்கள அழிச்சது, நிலத்தடி நீர உறிஞ்சினதுன்னு. பஞ்சாப்ல தண்ணி கீழ போனது உண்மை, அங்க பயிர்த்தாள் எரிக்கற புகையில நவம்பர்ல நாம மூச்சு முட்டறதும் உண்மை, அதுக்கு இலவச கரண்டும் கொள்முதல் கொள்கையும் எவ்வளவு காரணம்னு தனியா பேசணும். ஆனா பாரம்பரிய ரகத்தப் பத்தி ஒண்ணு சொல்றேன். பால் 1937-லயே புது மரபணுக்களத் தேடணும்னு கட்டுரை எழுதினவரு, நாடு நாடா ஊர் ஊரா ரகங்களச் சேத்து வெக்கணும்னு வாதாடினவரு. 1946-ல பூசாவுல அதுக்குன்னு பிரிவு வந்துச்சு, அது வளந்துதான் 1976-ல தனி தேசிய அமைப்பு ஆச்சு. இன்னைக்கு அந்த விதை வங்கியில நாலு லட்சத்துக்கும் மேல மாதிரிகள் குளிர்ல பத்திரமா இருக்கு. அதுவும் பூசா காம்பவுண்டுலதான்.

எல்லாம் சரியாவே நடந்துச்சுன்னு சொல்லல. 1972-ல பால் ஓய்வு பெற்ற கொஞ்ச மாசத்துலயே பூசாவுல ஒரு விஞ்ஞானி தற்கொலை பண்ணிக்கிட்டாரு. ஆள் எடுக்கறது, பதவி உயர்வு பத்தியெல்லாம் பெரிய கேள்வி எழுந்துச்சு. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில குழு போட்டாங்க, அதுக்கப்புறம்தான் விஞ்ஞானிகளத் தேர்வு பண்ண தனி வாரியம், மத்தியில தனி ஆராய்ச்சித் துறை எல்லாம் வந்துச்சு. அமைப்ப ஒரு தடவை கட்டிட்டா போதாது, உள்ள இருக்கற இளம் ஆளுங்களுக்கு நியாயம் கிடைக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இன்னைக்கும் விவசாயத்துல வர்ற வருமானத்துல ஒரு சதவீதம்கூட நாம ஆராய்ச்சிக்குப் போடறதில்ல. எனக்கு இது பெரிய கோபம். வெயில் ஒரு டிகிரி கூடுனா மார்ச்ல கோதுமை மணி சுருங்குது, அதுக்கு ரகம் வேணும்னா இன்னைக்கே ஒட்டுக் கட்டணும், அதுக்கு ஆளும் பணமும் இன்னைக்கே வேணும். ரிட்டயர் ஆனவங்க இடத்த வருஷக்கணக்கா காலியா விட்டா அந்த வேலைய யார் செய்வாங்க?

பால் கல்யாணம் பண்ணிக்கல. ரோஜான்னா உயிர். கோதுமைக்கு நடுவுல எத்தனையோ புது ரோஜா ரகங்கள உருவாக்கினாரு, தன் ரோஜா சேகரிப்ப கடைசியில பூசாவுக்கே கொடுத்துட்டாரு. 1972-ல லண்டன் ராயல் சொசைட்டி அவர உறுப்பினரா எடுத்துச்சு. 1989-ல இறந்தாரு. பூசாவுல ஒரு ஆடிட்டோரியத்துக்கு அவர் பேரு வெச்சிருக்காங்க.

பூசா ரோட்டுலயே நம்ம தமிழ் ஸ்கூல் இருக்கு. அங்க படிக்கற பிள்ளைங்களுக்கு அந்த ரோட்டுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு, பீகார்ல இடிஞ்ச கட்டடம், அங்க இருந்து வந்த விதை, பால், சி.எஸ்., சுவாமிநாதன்னு மொத்தத்தையும் ஒரு பீரியட்ல சொல்லிடலாம். பிப்ரவரி மார்ச் வாக்குல பூசா கிரிஷி மேளா நடக்கும், ஹரியானா, யூ.பி. விவசாயிங்க பஸ் பஸ்ஸா வந்து விதை வாங்கிட்டுப் போவாங்க, வயல்ல நிக்கற ரகங்கள நேராவே பாக்கலாம், விஞ்ஞானிங்ககிட்ட கேள்வி கேக்கலாம். டீச்சர்ஸ், பேரன்ட்ஸ் யாராவது இந்த வருஷம் பயாலஜி பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்றதா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வண்டிச் செலவுல என் பங்கு உண்டு, நானும் கூட வர்றேன்.