பிரீமியம் வாங்கும்போது மூடியிருந்த கண்

சோமனூர் மாப்பிள்ளையின் (என் அத்தை மகன்) கார் விவகாரம் இங்கே எல்லோருக்கும் தெரியும்: விபத்தில் கார் நொறுங்கியது, ஒரு பைக்காரருக்கு அடி, இன்சூரன்ஸ் நிறுவனமோ பணம் தர மறுக்கிறது. நிறுவனம் அனுப்பிய கடிதத்தை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். முன்பு கிளெய்ம் வாங்கியதை மறைத்து நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பெற்றுவிட்டாராம், அதனால் பாலிசி ஆரம்பத் தேதியிலிருந்தே செல்லாதாம். விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜெண்ட். மாப்பிள்ளை செய்ததெல்லாம், தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் ஓடிபியைப் படித்துச் சொன்னது மட்டுமே.

பணம் வாங்கும்போது மூடியிருந்த கண், கார் நொறுங்கிய பிறகு மட்டும் எப்படித் திறக்கிறது? போனஸ் கேட்பவரின் பழைய நிறுவனத்துக்கு 21 நாட்களுக்குள் எழுதி உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று இந்திய மோட்டார் கட்டண விதிகளே சொல்லிவந்தன. எழுதினார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"பொய் சொன்னால் ரத்து செய்யத்தான் செய்வார்கள்" என்று சிலர் வருவீர்கள். வாருங்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவருக்காக நான் பேசவில்லை. ஆனால் 2024இல் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மோசடி நிரூபணமானால் மட்டுமே, அதுவும் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் நிறுவனம் பாலிசியை ரத்து செய்ய முடியும். ஏஜெண்ட் போட்ட ஒரு டிக் மோசடியா? கூடுதலாகக் கொடுத்த தள்ளுபடியைக் கழித்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? படிக்காமல் ஓடிபி சொன்னது யார் தவறு என்று கேட்கும் மேதைகளுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

அவிநாசி சாலையில் பஸ் உரசிக் கதவு நசுங்கியபோதும் எங்கள் அப்பா கிளெய்ம் கேட்கவில்லை. கேட்டால் போனஸ் போய்விடும் என்று பீளமேட்டுப் பட்டறையில் சொந்தக் காசைக் கொடுத்தார். ஐந்து வருடம் கேட்காமல் இருந்தால் 50 சதவீதம். அது அவருக்குப் பரீட்சை மார்க் மாதிரிப் பெருமை. அப்படிப்பட்டவர்களின் பணத்தில்தான் இந்த அலுவலகங்களுக்கு ஏசி ஓடுகிறது. அங்கிருந்து வந்த ஒருவர், அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அவர் பிள்ளையையே திருடன் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அன்று அத்தை சாப்பிடவில்லை. இதற்கு எந்த விதியில் இழப்பீடு?

போகிறபோக்கில், அடிபட்ட பைக்காரருக்கும் நீங்களே கொடுக்க வேண்டிவரும் என்று பயமுறுத்தல் வேறு. பிரீமியக் காசோலை திரும்பிவந்த வழக்கிலேயே, விபத்துக்கு முன்பே ரத்து செய்து வண்டிக்காரருக்குத் தெரிவித்திருக்காவிட்டால் மூன்றாம் நபருக்கு நிறுவனம்தான் தர வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை முழுப் பணமும் கட்டியவர்.

நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் போய்விட்டது. ஒரு மாதத்தில் ஒழுங்கான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகிறோம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. "பெரிய இடத்தோடு எதற்கு வம்பு" என்று இன்பாக்ஸில் அறிவுரை சொல்லும் அண்ணன்கள், முதலில் உங்கள் வண்டிக்கான விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் யார் என்ன டிக் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.